மூன்று வோல்ட்

பேட்டரியில் பன்னிரண்டு புள்ளி ஆறு.
பல்பு காலில் ஒன்பது புள்ளி நான்கு.
இடையில் மூன்று வோல்ட்டைத் தின்றவன் எவன் என்று
டாடா இருநூற்றியேழின் முகத்தைக் கழற்றுகிறேன்
சாயல்குடியில், சாயங்காலம் ஐந்தரைக்கு.

மூக்கையூர் நண்டை மண்டபம் கம்பெனிக்கு
விடியுமுன் சேர்க்கிற வண்டி.
அமலோற்பவம் அக்கா
காலிப் பெட்டியைக் கவிழ்த்து உட்கார்ந்திருக்கிறாள்.
"லைட்டு எரியுதான்னு
எறங்கிப் போய்த் தடவிப் பாக்க வேண்டியிருக்குப்பா.
போன வெள்ளி வாலிநோக்கம் விலக்குல
கழுதை நிக்குதுன்னு தெரிஞ்சப்போ
அது மூச்சு கண்ணாடியில பட்டுருச்சு."

உப்புக்கு அவசரமே கிடையாது.
ஐஸ் தண்ணீராக, நண்டுத் தண்ணீராக,
ராத்திரி ஈரமாக வந்து
செம்பைப் பச்சையாக்கி
பச்சையை மாவாக்கி வைத்திருக்கிறது.
ஸ்டியரிங் அடியில் சுவிட்ச்
இரண்டு பல்பின் கரண்டையும் தன் வழியே இழுத்து இழுத்து
வாதம் வந்த வாய்போல
ஒரு பக்கம் உருகிக் கோணியிருக்கிறது.

வலது விளக்குக்குப் போகும் ஒயரில்
மட்கார்டுக்குப் பின்னால் ஒரு முறுக்கு.
ஈயம் இல்லை. ஸ்லீவ் இல்லை.
சும்மா முறுக்கி டேப் சுற்றி விட்டிருக்கிறான்.
"எந்த நாசமாப்போறவன் பாத்த வேலை இது?"
என்று தொடங்கி
அவன் அப்பன் வரைக்கும் போய்விட்டேன்.

டேப்பை உரித்தால் உள்ளே
நீல நைலான் வலைநூல்.
மூன்று சுற்று. இடக்கை முடிச்சு.

அந்த நூல்கண்டு என் கடை ஆணியில்தான் தொங்குகிறது,
இப்போதும்.
இந்த ரோட்டில் இடக்கைக்காரன் நான் ஒருவன்.
திட்டு வாங்கிய அப்பனும்
என் அப்பன்தான்.

பதினோரு வருடம் இருக்கும்.
புயல் கூண்டு ஏற்றிய ஏதோ ஒரு நாள்,
ஸ்லீவ் தீர்ந்துபோன ஏதோ ஒரு நேரம்,
"இப்போதைக்கு ஓட்டுங்க" என்று சொல்லியிருப்பேன்.
அந்த இப்போதைக்கு
ஏர்வாடி, கீழக்கரை, உச்சிப்புளி என்று
ஓடியே வந்திருக்கிறது.

"யாரு பாத்த வேலையாம்?"
"தெரியலக்கா."
முடிச்சை வெட்டிச் சட்டைப்பையில் போட்டேன்.

பிறகு நான் வாயைத் திறக்கவில்லை.
பேட்டரியிலிருந்து நேராகத் தடித்த ஒயர்,
இருபது ஆம்பியர் ஃபியூஸ்.
டிம்முக்கு ஒன்று, பிரைட்டுக்கு ஒன்று, இரண்டு ரிலே,
கால்கள் தரையைப் பார்க்க,
தண்ணீர் தங்காதபடி.
எர்த்தைத் துருவின் மேல் கொடுக்காமல்
சேஸிஸைச் சுரண்டி
இரும்பு வெள்ளையாகச் சிரித்த இடத்தில். மேலே கிரீஸ்.
பழைய சுவிட்சை அப்படியே விட்டேன்.
அது இனி சுமக்க வேண்டாம்,
சொன்னால் போதும்.

டிக்.

எதிரே ஐஸ் கம்பெனிச் சுவரில்
அழிந்துவிட்டதென்று நினைத்திருந்த தேர்தல் சின்னம்கூடத் தெரிந்தது.
பனை உச்சியில் ஒரு காக்கை
விடிந்ததென்று கத்தியது.
"எதுக்க வாறவன் கண்ணு அவிஞ்சிரும்டா, எறக்கு!"
சாக்பீஸால் சுவரில் கோடு போட்டு
ஸ்க்ரூவைத் திருகித் திருகி
வெளிச்சத்தைச் சாலைக்கு இறக்கினேன்.
இடது ஓரம் மட்டும் கொஞ்சம் தூக்கலாக,
கழுதைகள் நிற்கிற பக்கம்.

ரிலேவுக்கும் ஒயருக்கும் காசு வாங்கிக்கொண்டேன்.
"கூலி?"
"இருக்கட்டும்க்கா."
என் சட்டைப்பையைப் பார்த்தாள்.
சாவியைத் திருகினாள்.
"இப்போதைக்குப் போதும், என்ன?" என்றாள்.

சிரித்தாளா, தெரியாது.
வெளிச்சமெல்லாம் அவளுக்கு முன்னால் இருந்தது.

வண்டி கடல் பக்கம் திரும்பும்போதுதான் பார்த்தேன்,
பின்னால் இடது விளக்கு எரியவில்லை.
கைதட்டிக் கத்தினேன்.
கடற்காற்று அந்தச் சத்தத்தை
என் கடைக்கே திருப்பிக் கொண்டுவந்து போட்டது.